பின்னறையில் ஆறு பேர்

“உங்க பேரே இதுல இல்லையே” என்றார் மூன்றாம் எண் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவர்.

சாவிக்காரர் சிரித்தார். “நல்லாப் பாருங்க சார். கதவு நம்பர் பதினேழு. கடைக்குப் பின்னாடி இருக்கிற ரூம்.”

“அதைத்தான் பாக்கிறேன். பதினேழு, பின்னறை. ஆறு பேர் இருக்காங்க. சலவைக்கடைக்காரர், அவர் சம்சாரம். முடி வெட்டுறவர் ஒருத்தர், அவர் தம்பி. அப்புறம் ஒரு அம்மா, அவங்க பொண்ணு. ஆறாச்சு. நீங்க எங்க?”

“நான்தான் சார் அங்க குடியிருக்கேன். நானும் என் வீட்டுக்காரியும்.”

“அப்ப இந்த ஆறு பேரு?”

சாவிக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு, “அவங்களும் வருவாங்க, போவாங்க” என்றார்.

“பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல எட்டு பேரா? எப்படி, முறை வெச்சுத் தூங்குவீங்களா?”

வரிசையில் பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். கவுன்டர்காரர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “நீங்க இருந்திருக்கீங்க. இல்லேன்னு சொல்லல. நாலு வருஷம் முன்னாடி உங்க ரெண்டு பேர் பேரையும் நீக்கியிருக்கு. நீக்கச் சொல்லி விண்ணப்பம் குடுத்தது யாருன்னு பாருங்க.”

“யாரு?”

“நீங்கதான். இதோ, உங்க கையெழுத்து.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். எப்போதோ தான் ராவிக் கொடுத்த சாவி ஒன்று திரும்ப வந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. “ஆமா, என்னோடதுதான்” என்றார். “சரி சார், இப்ப சேத்துடுங்க.”

“சேக்கலாம். ஆனா இன்னிக்குச் சேத்தா இன்னிக்குத்தான் முதல் நாள். சாதாரண மாநில அட்டை உடனே கிடைக்கும். பெரிய சிகிச்சைக்கான அட்டைக்குத்தான் அஞ்சு வருஷம் தொடர்ந்து இந்த மாநிலத்துல இருந்திருக்கணும். அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க.”

“அவளுக்கு அஞ்சு வாரம்தான் சார் குடுத்திருக்காங்க.”

கவுன்டர்காரரின் கை நின்றது. “ஆஸ்பத்திரியிலயா?”

“வாரத்துக்கு மூணு தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க சார். கிட்னி ரெண்டும் போச்சு. அட்டை இல்லாம மூணு மாசம் பண்ணுவாங்களாம். அதுக்கு மேல மாட்டாங்களாம். ரெண்டு மாசம் ஆச்சு. கடை லைசென்ஸ் பன்னெண்டு வருஷமா என் பேர்லதான் இருக்கு, அதைக் காட்டினா ஆகாதா?”

“அது கடை நடத்துறதுக்கு. பக்கத்து மாநிலத்துல தூங்கி எந்திரிச்சு வந்துகூட இங்க கடை நடத்தலாம்.” குரல் இறங்கியிருந்தது. “ஒண்ணு பண்ணுங்க. அந்தத் தெருவுல பதிவுல இருக்கிற ரெண்டு பேர் நேர்ல வந்து, இவர் இத்தனை வருஷமா அங்கதான் இருந்தார்னு கையெழுத்துப் போடட்டும். நான் மேல அனுப்பறேன். ரெண்டே ரெண்டு கையெழுத்து.”

“ரெண்டுதானே?” சாவிக்காரர் நிமிர்ந்து நின்றார். “எங்க தெரு சார் அது.”

நான் அவருக்குப் பக்கத்தில் சாட்சிப் படிவத்தை வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். நாங்கள் பிழைக்க வந்த இந்த மாநிலத்து அலுவலகங்களில் சிலர் நம் மொழி பேசுவார்கள், காகிதங்கள் பேசாது. நான் இரண்டு மொழிகளிலும் படித்தவள் என்பதால் தெருவில் யார் அலுவலகத்துக்குப் போனாலும் என்னைக் கூட்டிப்போவது வழக்கம். அந்தப் பதிவேட்டில் இருந்த ‘ஒரு அம்மா, அவங்க பொண்ணு’ என் அம்மாவும் நானும்தான். அந்த அறையில் நாங்கள் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை.

எங்கள் தெருவில் வீட்டுக்காரர்கள் யாரும் வாடகைக்கு எழுத்து கொடுக்க மாட்டார்கள். எழுத்து கொடுத்தால் வரி கட்ட வேண்டும். எழுத்து இல்லாவிட்டால் பதிவேட்டில் பெயர் ஏறாது. பெயர் ஏறாவிட்டால் பள்ளிக்கூடம், பிரசவ உதவி, மருந்து எதற்கும் மாநிலத்துக்காரர் என்ற அட்டை கிடைக்காது. முறையான ஒப்பந்தம் இருந்தது சாவிக்கடைக்கும் அதன் பின்னறைக்கும் மட்டும்தான். அந்த அளவு அறைக்கு ஆறு பேரைப் பதியலாம் என்பது விதி. ஆகத் தெருவிலேயே பதிவில் இருந்தது அந்த ஆறு பேர்தான்.

கடை நாலடி அகலம். ஒரு மேசை, அதில் பொருத்திய இரும்புப் பிடி, வரிசையாக அரங்கள், பின்சுவரில் ஆணிகள் அடித்த பலகை. தெருவுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் அவரிடம் மாற்றுச் சாவி செய்யத்தான் வருவார்கள். பழைய சாவியையும் வெற்றுச் சாவியையும் சேர்த்துப் பிடியில் இறுக்கி ராவுவார். பித்தளைத் தூளை ஊதிவிட்டு, சாவியைக் கன்னத்தில் தேய்த்துப் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு இன்னொன்றும் செய்து பலகையில் மாட்டிவிடுவார். அது எங்கள் தெருப் பழக்கம்: எல்லா வீட்டின் மூன்றாவது சாவியும் அங்கே தொங்கும். ஆணிகளுக்குச் சீட்டு கிடையாது. கேட்டால், “சாவிக்கும் மூஞ்சி இருக்கும்மா” என்பார்.

சாவியைக் கையில் கொடுக்கும்போது, “அட்டை இருக்கா?” என்று கேட்பார். இல்லை என்றால் பின்னறையில் இடம் காலியாகும்போது பெயரைச் சேர்த்துவிடுவார். உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன தோன்றுகிறதோ அதை எழுதச் சொல்வார். என் அம்மா அவருக்குத் தங்கை. முடிதிருத்துபவர் மச்சினன். யாருக்காவது வேறு இடத்தில் எழுத்துள்ள வீடு கிடைத்தால் அந்தப் பெயர் இறங்கும், இன்னொன்று ஏறும். இதற்காக அவர் யாரிடமும் எதையும் வாங்கியதில்லை.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அதனால் அவர் எனக்கு மாமா. அக்கா பழுதான பூட்டுகளைப் பார்த்துக்கொள்வார். சிறிய விரல்கள், உள்ளிருக்கும் சுருள்கம்பியை ஊசி முனையால் எடுத்து, எண்ணெய் விட்டுத் திரும்ப வைப்பார். பேச்சில் அடங்க மாட்டார். “எனக்கு வாய்ச்ச மகராசன் எல்லாப் பூட்டையும் தொறப்பாரு, வாயை மட்டும் தொறக்க மாட்டாரு” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். மாமா அரத்தை வேகமாக ராவுவார். அதுதான் அவருடைய பதில்.

நான்கு வருடங்களுக்கு முன் சலவைக்கடைக்காரரின் மனைவிக்கு ஏழு மாதம். அட்டை இல்லை. பின்னறைப் பதிவில் அப்போது முடிதிருத்துபவர், அவர் தம்பி, அம்மா, நான் என்று எங்கள் நால்வரோடு மாமாவும் அக்காவும் ஆறு பேராக இருந்தார்கள். இடமில்லையே என்று மாமா தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அக்காதான் சொன்னார்: “நம்ம ரெண்டு பேரையும் எடுத்துட்டு இவங்களைப் போடுங்க. நாம எங்க ஓடிப் போகப்போறோம்? பேரை எடுத்தா ஆள் காணாமப் போயிடுவோமா என்ன?”

ஆறு மாதத்துக்கு என்றுதான் எடுத்தார்கள். குழந்தை பிறந்தது. அதற்குக் காது கேட்கவில்லை. காதுக் கருவி, பயிற்சி எல்லாம் அட்டையின் பேரில் வந்தன. பெயரைத் திரும்ப மாற்றுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமாவுக்கும் அது மறந்துபோனது. தன் வீட்டில் தான் இருப்பதற்குக் காகிதம் வேண்டும் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

அலுவலகத்திலிருந்து நேராகச் சலவைக்கடைக்குப் போனோம். சலவைக்கடைக்காரரின் மனைவி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “அக்கா எப்படிண்ணே இருக்காங்க? காலையில வாந்தி எடுத்தாங்களாமே.” பிறகு என்னிடம், “என்ன எழுதியிருக்கு, படிம்மா” என்றார்.

நான் படித்தேன். கதவு எண் பதினேழின் பின்னறையில் மேற்படி நபரும் அவர் மனைவியும் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருப்பதை நான் நேரில் அறிவேன்.

“அப்ப நாங்க எங்க குடியிருக்கோம்னு கேப்பாங்களே?” என்றார் அவர் கணவர்.

“கேப்பாங்க” என்றார் மாமா.

“விசாரணைக்கு வருவாங்களே?”

“வருவாங்க.”

குழந்தை மேசைக்கு அடியில் காதுக் கருவியோடு உட்கார்ந்து பொத்தான்களை டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை குலுக்கும்போதும் முகத்தைச் சாய்த்துக் கேட்டது. அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அண்ணே, இந்தப் பெட்டியை எடுத்து என் கையில வைங்க, தாங்கிக்கிறேன். இதை மட்டும் கேக்காதீங்க.”

“சரிம்மா, சரி. அழாதே. யார் வீட்டுச் சட்டையோ, ஈரமாகுது பாரு.”

அடுத்தது முடிதிருத்தும் கடை. “வாங்க மாமா! ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் தொறக்கிறவர் ஆபீஸ் வாசல்ல போய் நிக்கிறீங்களாமே?” என்று அவர் வழக்கம்போல் ஆரம்பித்தார். காகிதத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அவருடைய தம்பி அரசுப் பேருந்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மாநிலத்துக்காரர்களுக்கு மட்டுமான வேலை. காகிதத்தை நான்காக மடித்து மாமாவின் கையில் வைத்தார்.

“ஆஸ்பத்திரிக்கு அக்காவை நான் கூட்டிட்டுப் போறேன் மாமா. வாரத்துக்கு மூணு நாளும். கடையைச் சாத்திட்டு வரேன்.”

“உன் கடையைச் சாத்திட்டு என்னடா பண்ணுவே?”

“அதை விடுங்க. உக்காருங்க, தாடி முள்ளு மாதிரி நிக்குது.” அவர் மாமாவின் முகத்தில் சோப்பு பூச ஆரம்பித்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். மடியில் காகிதத்தோடு, முகமெல்லாம் நுரையோடு, அவர் அப்படி உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்கு அவர் சாயங்காலம் வந்தார். அம்மா கதவருகிலேயே நின்றார். மாமாவின் சட்டைப்பையில் அந்த மடித்த காகிதம் தெரிந்தது.

“பூட்டு இறுகுதுன்னு போன மாசம் சொன்னீங்களே தங்கச்சி” என்றார். குனிந்து எண்ணெய் விட்டார். சாவியை நாலைந்து தடவை போட்டுத் திருப்பிப் பார்த்தார். “இனிமே இறுகாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் அம்மா சொன்னார்: “உன் படிப்பு முடிய இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு.”

நானும் கையெழுத்துப் போடவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அக்காவுக்குத் தெரு முழுவதும் வேலை செய்தது. ஒருவர் சமைத்துக் கொடுத்தார், ஒருவர் துணி துவைத்தார். முடிதிருத்துபவர் சொன்னபடியே கடையைச் சாத்திவிட்டு மருத்துவமனைக்குக் கூட வந்தார். கையெழுத்தைத் தவிர எல்லாம் வந்தது. “என்னடி இது, ராணிக்குக்கூட இவ்வளவு ஆள் இருக்க மாட்டாங்க” என்று அக்கா கேலி செய்தார். கால்கள் தண்ணீர்ப் பை போல வீங்கியிருந்தன. கையெழுத்துக் கதை அவருக்குச் சொல்லப்படவில்லை. அட்டை வந்துகொண்டிருக்கிறது என்றுதான் மாமா சொல்லியிருந்தார்.

இன்னும் மூன்று வாரம் இருந்தபோது மாமா சிகிச்சைத் திட்டத்தின் விதிகளை முழுவதும் படித்துக் காட்டச் சொன்னார். கடையில் உட்கார்ந்து வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். எட்டாவது விதியை வேகமாகக் கடந்தேன். கணவனால் கைவிடப்பட்டு, ஆதரவின்றி, அரசின் மகளிர் இல்லத்தில் சேர்க்கப்படும் பெண்களுக்கு ஐந்தாண்டு வசிப்பு தேவையில்லை.

அரம் நின்றது. “அதை இன்னொரு தடவை படி.”

படித்தேன்.

“இல்லத்துல சேத்தா எத்தனை நாள்ல அட்டை குடுப்பாங்க?”

“பத்து நாளுக்குள்ளன்னு போட்டிருக்கு மாமா. ஆனா—”

“புருஷன் வந்து பாத்தா?”

“வந்து பாத்தா ஆதரவு இருக்குன்னு ஆயிடும். அட்டையை எடுத்துடுவாங்க.”

அவர் கையிலிருந்த சாவியைக் கன்னத்தில் தேய்த்தார். ஏற்கெனவே வழவழப்பாகத்தான் இருந்தது. இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “எழுதும்மா” என்றார். “நல்லா எழுது. படிக்கிறவங்களுக்கு என்மேல எரிச்சல் வரணும்.”

அக்கா கொடுப்பதுபோல, அக்கா பெயரில் மூன்று பக்கம் மனு எழுதினேன். குடிப்பார் என்று எழுதச் சொன்னார். அவர் குடித்து நான் பார்த்ததில்லை. மனைவிக்கு நோய் என்று தெரிந்த நாளே வீட்டை விட்டுப் போனவர், இருக்குமிடம் தெரியவில்லை என்று எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் அந்த வரியைத் தொட்டுக் காட்டச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து தெரியாது.

அக்காவிடம், மருத்துவமனைக்குச் சொந்தமான தங்குமிடம், பெண்கள் மட்டும்தான் இருக்கலாம் என்று சொன்னோம். “நல்லதாப் போச்சு. இவர் ராவுற சத்தம் கேட்டுக் கேட்டு என் காதே தேஞ்சு போச்சு” என்றார். ஆனால் கிளம்பும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். மாமா இல்லத்துத் தெருமுனை வரைக்கும்தான் வந்தார். ஆண்கள் அதற்குமேல் வரக்கூடாதாம் என்றார். அக்காவை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்.

இல்லத்தின் கண்காணிப்பாளர் அம்மாவுக்கு நம் மொழி தெரியாது. மனுவை விண்ணப்பிப்பவருக்கு அவருடைய மொழியில் படித்துக்காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அங்கே விதி. நான் படித்தேன். அக்கா கவனமாகக் கேட்டார். பிறகு காகிதங்களைக் கையில் வாங்கிப் புரட்டினார்.

“ஏன்டி, மூணு பக்கம் எழுதியிருக்கு. நீ படிச்சது அரைப் பக்கம்தானே வந்துச்சு?”

“அந்த பாஷையில நீட்டித்தான்க்கா எழுதுவாங்க.”

“வேலை இல்லாதவங்க” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கண்காணிப்பாளர் அம்மா நல்லவர். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கணவர் விட்டுவிட்டுப் போய் எவ்வளவு காலமாகிறது என்று கேட்டார்.

நான் அக்காவிடம் திரும்பி, “உடம்பு முடியாம எவ்வளவு நாளாச்சுன்னு கேக்கறாங்க” என்றேன்.

“மூணு மாசம் ஆகப்போகுது” என்றார் அக்கா.

“மூன்று மாதம்” என்று கண்காணிப்பாளரிடம் சொன்னேன். அவர் உச்சுக்கொட்டிக்கொண்டே எழுதினார். அக்காவும் பதிலுக்கு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்பதாவது நாள் அட்டை வந்தது. அதன்பிறகு அக்கா இரண்டு வருடமும் நாலு மாதமும் இருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் காலையில் இல்லத்தின் வண்டி அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும். அந்த மூன்று நாளும் சாவிக்கடை மத்தியானம்தான் திறக்கும். எங்கே போகிறீர்கள் என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. மருத்துவமனைக்கு எதிரே ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். மாமா கொடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்: தலைக்கு எண்ணெய், ஒரு சீப்பு, ஒரு தடவை ஊசியோடு பழைய பூட்டு ஒன்று. அந்தப் பூட்டை அக்கா பிரித்துப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். “இந்த மனுசனுக்கு வாசல் வரைக்கும் வந்து ஒரு எட்டு எட்டிப் பாக்கத் தோணலையா? வாட்ச்மேன் என்ன கடிச்சா தின்னுடுவான்?” என்று கேட்பார். விதி அப்படி என்று சொல்வேன். போகப் போகக் கேட்பதை நிறுத்திவிட்டார். அந்தப் பூட்டையும் ஒருநாள் பிரித்தபடியே ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்துவிட்டார். அது எனக்குக் கேள்வியைவிடக் கஷ்டமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் அக்கா இறந்தார். காலையில் இல்லத்திலிருந்து எனக்குத்தான் தகவல் வந்தது. உடலை வாங்கிக்கொள்ள உறவினர் கையெழுத்து வேண்டும். கணவன் என்ற கட்டத்தில் ‘கைவிட்டவர், இருப்பிடம் தெரியவில்லை’ என்று இருந்தது, என் கையெழுத்தில். மாமா தெருமுனையில், முன்பு நின்ற அதே இடத்தில் நின்றிருந்தார். இன்னும் உள்ளே வரவில்லை. இப்போது வந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்டேன். “மனுல எழுதினதெல்லாம் பொய்னு ஆயிடும். அப்புறம் எங்க இருந்தேன்னு கேப்பாங்க. பின்னறைக்கு வருவாங்க” என்றார். காது கேட்காத அந்தக் குழந்தை அந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்திருந்தது.

அம்மா என்னோடு வந்திருந்தார். படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, உறவுமுறைக் கட்டம் எது என்று கேட்டார். பிறகு தானே ‘நாத்தனார்’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடங்களுக்கு முன் போட வேண்டிய கையெழுத்து.

சாவிக்கடை இப்போதும் இருக்கிறது. பலகையில் எங்கள் சாவிகள் தொங்குகின்றன. மாமா ராவுகிறார். பின்னறைப் பதிவேட்டில் இன்றும் ஆறு பேர். அவர் அதில் இல்லை. புதிதாக வருபவர்களிடம் அட்டை இருக்கிறதா என்று இப்போதும் கேட்கிறார்.

நான் அவர் கேட்டதை அக்கா இருந்தவரை காப்பாற்றினேன். அவரை இல்லத்தில் சேர்த்த அன்று, தெருமுனையில் ஆட்டோவிலிருந்து அக்கா, “என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மாமா அவருக்கு முதுகைக் காட்டி நின்று, மனுவின் மூன்று பக்கங்களையும் என் கையில் கொடுத்தார். கட்டைவிரலை நகர்த்தி நகர்த்தி, நான் தொட்டுக் காட்டிய அந்த வரி இருந்த இடத்தைத் தேடினார். தப்பான இடத்தில்தான் விரலை வைத்தார். நான் திருத்தவில்லை.

“உள்ள படிச்சுக் காட்டச் சொல்வாங்க இல்ல? மத்ததெல்லாம் உன் இஷ்டம், எப்படி வேணா சொல்லு. நான் அவளை விட்டுட்டுப் போயிட்டேன்னு எழுதியிருக்கு பாரு, அதை மட்டும் அவகிட்ட எந்த பாஷையிலயும் சொல்லிடாதம்மா.”